கண்டிச் சீமையின் சாராயக் குத்தகை

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் பெருவீதி, கடுகண்ணாவைக் கணவாயை ஏறி முடித்ததும் சற்றே சமநிலம் காண்கிறது. அங்கே வீதியோரமாக அமைந்த சிறு பட்டினம் பிலிமத்தலாவை. கண்டி நகருக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரம். பித்தளை விளக்குகளும் செம்புகளும் அடுக்கிய கடைகளை இன்றும் அந்தப் பக்கத்தில் காணலாம். தவுலகலைக்குப் பிரியும் கிளைவீதியிற் சென்றால் கடலாதெனியவும் இலங்காதிலகமும் எம்பெக்கையும் வரும். கண்டி அரசின் இறுதிக் காலத்தில் அதிகாரத்தின் உச்சியில் நின்று, பின்னர் அந்த அரசனாலேயே கொல்லப்பட்ட ஒரு மகா அதிகாரின் பெயரோடும் இவ்வூரின் பெயர் பிணைந்து கிடக்கிறது. வரலாற்று நூல்கள் பிலிமத்தலாவையை நினைவுகூருவது பெரும்பாலும் இவற்றுக்காகவே.

நாம் இங்கே நினைவுகூர விரும்புவது வேறொன்றை. அரசர்களையும் அதிகார்களையும் விட்டு, இவ்வீதியால் ஏறிய மாட்டுவண்டிகளைப் பற்றி எண்ணிப் பார்ப்போம். புகையிரதம் 1867ஆம் ஆண்டு கண்டியை எட்டும் வரையில், மலைநாட்டுக் கோப்பி கடற்கரைக்கு இறங்கியது இவ்வீதியால். கடற்கரையின் பண்டங்கள் மலைநாட்டுக்கு ஏறியதும் இவ்வீதியால். ஏறிய பண்டங்களுள் முதலாவது அரிசி. அதற்கு அடுத்து வைத்து எண்ணத்தக்க ஒன்று சாராயம். அரிசி ஏறிய கதையைப் பலர் எழுதியுள்ளனர். சாராயம் ஏறிய கதை நம் பாடநூல்களிற் பெரும்பாலும் இல்லை. ஆயினும் இலங்கை முதலாளி வர்க்கத்தின் பிறப்பையும், மலைநாட்டுத் தொழிலாளியின் கூலி எங்கே போயிற்று என்பதையும் அறிய விரும்புகிறவன் அந்தப் பீப்பாய்களைப் பின்தொடர்ந்து செல்லத்தான் வேண்டும்.

இக்கட்டுரை குடியின் தீமையைப் பற்றியதன்று. அதைச் சொல்லப் பலர் உளர். நம் கேள்வி எளிமையானது: ஒரு பண்டத்தின் விலை ஏறும்போது, ஏறிய அந்த விலை யார் கையில் போய்ச் சேர்கிறது? மூலப்பொருளை உண்டாக்கியவன் கையிலா, நடுவே நின்றவன் கையிலா? இக்கேள்வியைச் சாராயத்தை வைத்துக் கேட்பது வசதியானது. ஏனெனில் அங்கே நடுவே நின்றவன் யார் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

பாளையிலிருந்து பீப்பாய் வரை

சாராயத்தின் மூலப்பொருள் தென்னங்கள்ளு. விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் பால் சுரக்கிறது. முட்டியில் விழுந்த சில மணி நேரத்துக்குள் அது தானாகவே புளிக்கத் தொடங்குகிறது. ஒரு நாள் கடந்தால் காடியாகிறது. ஆகவே கள்ளு தூரப் பயணத்துக்கு உகந்த சரக்கன்று. அதை இறக்கிய இடத்துக்கு அருகிலேயே வடித்தாக வேண்டும். வடித்த பின்னரோ, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்காகக் கெடாது நிற்கும்.

பொருளின் இந்த இயல்பே தொழிலின் அமைப்பையும் தீர்மானித்தது. பாணந்துறை முதல் களுத்துறைக்கு அப்பால் வரை நீண்ட தென்மேற்குக் கரையோரத் தென்னந்தோப்புகள் சாராயம் பிறக்கும் இடமாயின. மரத்துக்கு மரம் கட்டிய கயிறுகளின் மேல் நடந்து, தரையைத் தொடாமலே பல மரங்களிற் கள்ளிறக்கும் தொழிலாளரை இன்றும் அங்கே காணலாம். கால் தவறினால் உயிருக்கே நட்டம். அந்தத் தொழிலாளி மரத்துக்குச் சொந்தக்காரனல்லன். தோப்புக்காரனுக்கு ஒரு பங்கு, வடிப்பவனுக்கு ஒரு பங்கு போக எஞ்சியதே அவனுடையது. வடிப்போர் பலரும் சிறு கொதிகலன் ஒன்றோ இரண்டோ வைத்திருந்த எளியோர். சரக்கு கெடுமுன் வடித்தாக வேண்டும், வடித்ததை விற்றாக வேண்டும் என்னும் நெருக்கடி அவர்களுக்கு எப்போதும் உண்டு.

மறுமுனையில் குடிப்பவன். அவன் இருந்தது அறுபது எழுபது மைலுக்கு அப்பால், மலைமேல். 1820களிற் கம்பளைப் பக்கத்திலும் பேராதனைக்கு அருகிலும் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டிச் சீமையின் காடுகளை விழுங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து நம் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியிலேயே மடிந்தோர் பலர். எஞ்சியோர் லயங்களில் அடைபட்டனர். குளிரும் மழையும் அட்டையும் தனிமையும் நிறைந்த அந்த வாழ்வில், மாலையில் சென்று அமரத்தக்க ஒரே பொது இடமாக ஆட்சி அவர்களுக்குத் தந்தது தவறணையை. பள்ளிக்கூடம் பின்னரே வந்தது. பல தோட்டங்களுக்கு மிகமிகப் பின்னரே வந்தது.

கள்ளிறக்குவோன் ஒரு முனை, குடிப்போன் மறுமுனை. இருவரும் ஏழைகள். இந்த இரு ஏழைகளுக்கும் நடுவே நின்றவர்தாம் குத்தகைக்காரர்.

ஏலமும் ஏலத்துக்குப் பின்னால் நடந்ததும்

சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் வழக்கத்தை ஒல்லாந்தர் காலத்திலேயே காண்கிறோம். 1796இற் கரையோரத்தையும் 1815இற் கண்டியையும் கைப்பற்றிய பிரித்தானியர் அதனை விரித்தனர். ஒரு பிரதேசத்தில் குறித்த காலத்துக்குச் சாராயம் விற்கும் தனியுரிமை பகிரங்க ஏலத்தில் விடப்படும். கூடிய தொகை கேட்டவருக்கு அப்பிரதேசம் முழுவதும் உரித்து. அங்குள்ள தவறணைகளை அவரே நடத்தலாம், அல்லது ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கீழ்க்குத்தகை விடலாம். 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு ஒழுங்கான சட்ட வடிவம் கொடுத்தது. வடிப்பதற்கு அனுமதி, கொண்டுசெல்வதற்கு அனுமதி, விற்பதற்கு அனுமதி என்று ஒவ்வொரு படியிலும் ஒரு கடதாசி வேண்டும். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், 1912 வரையில், இதுவே நாட்டின் மதுச் சட்டத்துக்கு அடிப்படை.

அரசாங்கத்துக்கு இதில் இரட்டை வசதி. தண்டற்காரரையும் காவற்காரரையும் சம்பளத்துக்கு வைக்காமலே வருமானம் கிடைத்தது. சில தசாப்தங்களில் அரசிறையில் பத்தில் ஒரு பங்கு அளவினை இந்தக் குத்தகைகளே நிரப்பின. அதேவேளை, “குடியைக் கட்டுப்படுத்துகிறோம், அதனாற்றான் அனுமதி வைத்திருக்கிறோம்” என்று சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. கட்டுப்படுத்துவோனுடைய திறைசேரி, கட்டுப்படுத்தப்படும் பண்டம் எவ்வளவு விற்கிறதோ அவ்வளவுக்கு நிறையும் என்றால், அந்தக் கட்டுப்பாடு எத்தகையதாக இருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

ஏலம் என்றால் போட்டி. போட்டி என்றால் நியாயமான விலை. ஆட்சியாளரின் பொருளாதார நூல்கள் கூறிய பாடம் இது. நடைமுறையோ வேறு. மாகாணத்தின் பெருங்குத்தகையைக் கேட்பதற்குப் பெருந்தொகையும் பிணையாகச் சொத்தும் வேண்டும். இவை இருந்தோர் சிலரே. அச்சிலருட் பலர் மொறட்டுவை, பாணந்துறைக் கரையோரத்துச் சில குடும்பங்களைச் சேர்ந்தோர். திருமண உறவால் பிணைந்தோர். ஏலத்துக்கு முன்பே கூடிப் பேசி, “இவ்வாண்டு இது உனக்கு, அது எனக்கு” என்று பங்கிட்டுக்கொண்டு, ஏல மண்டபத்தில் குறைந்த தொகையோடு அமைதி காப்பது வழக்கமாயிற்று. கேட்க வேண்டியவன் கேளாதிருப்பதற்கும் ஒரு பங்கு உண்டு. இந்தக் கூட்டுச் சேர்க்கை பற்றிய முறைப்பாடு அக்காலத்து உத்தியோகத்தரின் எழுத்துகளிலேயே திரும்பத் திரும்ப வருகிறது. சில வேளை அந்தக் கூட்டு உடைந்து, போட்டி மூண்டு, குத்தகைத் தொகை வானளாவ ஏறுவதும் உண்டு. அப்படி ஏறிய தொகையைக் குத்தகைக்காரர் தம் மடியிலிருந்து கொடுத்தாரா என்றால், இல்லை.

கணக்கை இப்படிப் பார்க்கலாம். குத்தகைக்காரர் அரசாங்கத்துக்குக் கட்ட ஒப்புக்கொண்ட தொகை ஒன்று. அந்தப் பிரதேசத்தின் தவறணைகளைத் தனித்தனியே கீழ்க்குத்தகைக்கு விட்டு அவர் திரட்டும் தொகை அதனினும் பெரிது. கீழ்க்குத்தகைக்காரன் தன் முதலை மீட்க வேண்டும். மேலே கொடுக்க வேண்டும். தானும் பிழைக்க வேண்டும். அவன் கையில் இருந்த வழிகள் மூன்று. தண்ணீர் கலப்பது, அளவைக் குறைப்பது, கடனுக்குக் கொடுத்துச் சம்பள நாளில் வட்டியோடு பறிப்பது. சரக்கை வாங்கும் பக்கத்திலோ, ஒரு பிரதேசம் முழுவதற்கும் விற்கும் உரிமை ஒருவரிடமே இருப்பதால், வடிப்போன் அவர் சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும். வேறு எவருக்கும் விற்க அவனுக்கு உரிமையில்லை.

ஆகவே மூலப்பொருளின் விலை கீழே நின்றது. கோப்பையின் விலை மேலே நின்றது. இரண்டுக்கும் இடையிலிருந்த வெளி குத்தகைக்காரருக்கும் திறைசேரிக்கும் உரியதாயிற்று. விலை ஏறியபோதெல்லாம் காட்டப்பட்ட காரணங்கள் கள்ளுத் தட்டுப்பாடு, வண்டிக்கூலி, பீப்பாய்ச் சேதம் என்பன. அவை முழுப்பொய்யல்ல. கடுகண்ணாவை ஏற்றத்தில் மாடு வீழ்ந்து சாகும்; பீப்பாய் கசியும்; மழைக்காலத்திற் கள்ளு குறையும். ஆனால் அந்தச் செலவுகள் குறைந்தபோது விலையும் குறைந்ததா? புகையிரதம் வந்த பின் சுமைக்கூலி வண்டிக்கால நிலையில் இருக்க முடியாது. அதனால் லயத்துத் தொழிலாளியின் கோப்பை மலிந்தது என்று யாரும் எழுதிவைத்ததை நாம் கண்டதில்லை. தனியுரிமையின் இலக்கணம் அதுதான். செலவு ஏறினால் வாங்குபவன் தலையில். செலவு இறங்கினால் விற்பவன் மடியில்.

கூலியும் கோப்பையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டத்து ஆண் தொழிலாளியின் நாட்கூலி 33 சதம் அளவில் நின்றது. பெண்ணுக்கும் சிறுவருக்கும் அதிலும் குறைவு. அரிசியைத் தோட்டமே கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. மிஞ்சியதிற் கங்காணியிடம் பட்ட முன்பணக் கடன் போயிற்று. அதற்கும் பின் மிஞ்சியது தவறணைக்குப் போயிற்று. கோப்பித் தோட்டங்கள் பெருகிய ஆண்டுகளில் கண்டிச் சீமையின் குத்தகைக்குப் பெருமதிப்பு ஏற்பட்டதற்கும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தோட்டங்கள் மூடியபோது தவறணை வியாபாரமும் தளர்ந்ததற்கும் காரணம் ஒன்றே. சாராயக் குத்தகையின் உண்மையான மூலப்பொருள் கள்ளு மட்டுமன்று. தொழிலாளியின் கூலியும் அதன் மூலப்பொருளே.

தோட்டத்துரைமார் ஒருபுறம் “கூலிகள் குடித்துக் கெடுகிறார்கள்” என்று முறையிட்டனர். மறுபுறம், கடனில் மூழ்கிய தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போக முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சிங்களக் கிராமத்தவர் நிலையும் மகிழத்தக்கதாயில்லை. கித்துள் மரத்திற் பாணியும் கருப்பட்டியும் காய்ச்சிப் பழகிய கண்டிக் கிராமங்களின் அருகே தவறணை எழுந்தது. அனுமதியின்றிக் கள்ளு விற்ற கிராமத்தவன் குற்றவாளி. அனுமதியோடு பிரதேசம் முழுவதையும் குடிக்கவைத்தவர் கனவான்.

கனவான் என்று நாம் சொல்வது வெறும் கேலியன்று. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சாவின் வாழ்க்கை இதற்குச் சான்று. கண்டிச் சீமையின் குத்தகைகளிலும் வாணிகத்திலும் திரட்டிய பணத்தைக் கொண்டு, 1830களில் ஹங்குராங்கெத்தையில் முன்னாள் அரசரின் தோட்டத்தையே அவர் ஏலத்தில் வாங்கினார். கோப்பி பயிரிட்ட முதல் இலங்கையருள் அவரும் ஒருவர். 1853இல் முதலியார் பட்டமும் பெற்றார். அவர் மகன் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா நாட்டின் முதற் பெருஞ்செல்வராக விளங்கினார். 1870இல் கொழும்பில் எடின்பரோக் கோமகனுக்கு அவர் அளித்த விருந்து நெடுங்காலம் பேசப்பட்டது. மொறட்டுவையிற் கல்லூரிகளையும் கொழும்பிற் பிரசவ வைத்தியசாலையையும் நிறுவியவரும் அவரே.

இந்தக் கொடைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வைத்தியசாலையிற் பிறந்த குழந்தைகளும் அக்கல்லூரிகளிற் படித்த மாணவரும் நம் மக்களே. வெள்ளையர் மட்டுமே பெருந்தோட்டம் வைத்திருக்கலாம் என்ற எண்ணத்தை உடைத்தவர்களுள் அக்குடும்பமும் ஒன்று. ஆயினும் வரலாற்று மாணவன் ஒரு கேள்வியைத் தவிர்க்கலாகாது. ஆலைகளும் இயந்திரங்களும் கட்டி எழுந்த முதலாளித்துவம் ஒருவகை. ஏலம் எடுத்துத் தனியுரிமை பெற்று, ஏழைகளின் கூலியை வடித்தெடுத்து எழுந்த முதலாளித்துவம் வேறொருவகை. நம் நாட்டில் எழுந்தது பெரும்பாலும் பின்னது. ஆட்சியாளரோடு மோதித் தன்னை வளர்த்துக்கொள்ள வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை. ஆட்சியாளரின் ஏல மண்டபமே அதன் தொட்டில். பின்னாளில் நம் தேசிய இயக்கம் ஏன் அத்தனை மென்மையாக, அத்தனை மரியாதையாகச் சுதந்திரம் கேட்டது என்பதற்கு ஒரு விடை இங்கேயும் கிடைக்கும். குமாரி ஜயவர்த்தன முதலிய ஆய்வாளர் சாராயக் குத்தகையை ஆராய்ந்து எழுதியதன் பயன் இதுவே.

மதுவிலக்கும் அதன் மௌனமும்

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1904ஆம் ஆண்டை ஒட்டி, மதுவிலக்கு இயக்கம் கிராமங்களிற் கிளர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் சங்கங்களிற் சேர்ந்தனர், தவறணைகள் வெறிச்சோடின. கிராமத் தலைவர்கள் இச்சங்கங்களிற் சேரலாகாதென அரசாங்கம் தடுத்தது. திறைசேரிக்கு எங்கே வலித்தது என்பதை அந்தத் தடையே காட்டிக்கொடுத்தது. 1912இல் புதிய மதுவரிச் சட்டம் வந்து, பரந்த பிரதேசங்களை ஒருவரிடம் ஒப்படைக்கும் பழைய குத்தகை முறையை ஒழித்தது. மதுவரித் திணைக்களம் எழுந்தது. கூடவே கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, ஊர்தோறும் கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டபோது இயக்கம் மீண்டும் மூண்டது. பின்னர் நாட்டின் தலைவர்களாக அறியப்பட்ட சேனநாயக்க சகோதரர்களும் டி. பி. ஜயதிலக்கவும் மக்களிடையே பெயர் பெற்றது இந்த மேடைகளிற்றான்.

அந்த இயக்கம் மக்களை ஒன்றுதிரட்டியது. அந்நிய ஆட்சியின் வருமானத்தில் கைவைக்கலாம் என்ற துணிவைக் கொடுத்தது. இவை அதன் பெருமைகள். அதன் குறை என்னவெனில், குடிப்பவனின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, குடியால் ஆதாயம் பெற்றவனின் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதிற் சங்கடம் இருந்தது. மேல்தட்டிற் செல்வத்தின் ஊற்றுகளைத் தோண்டினால், மேடைக்கு அருகிலேயே சில பழைய குத்தகைப் பத்திரங்கள் வெளிவரக்கூடும். கள்ளிறக்கும் தொழிலாளிக்கு மாற்றுத் தொழில் என்ன, லயத்துத் தொழிலாளிக்கு மாலையிற் போக வேறிடம் எது என்ற கேள்விகளும் அங்கே கேட்கப்படவில்லை.

கணக்கைப் பேசாத இடத்தில் வேறொன்று பேசப்பட்டது. “அந்நிய வணிகன் நம்மைச் சுரண்டுகிறான்” என்ற பேச்சு அக்காலத்துச் சில பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வளர்ந்தது. அந்நியன் என்று சுட்டப்பட்டவன் பெரும்பாலும் கொழும்புக் கோட்டையிலிருந்த ஆங்கில வணிக நிறுவனத்தின் துரையல்லன். கிராமச் சந்தியிற் கடை வைத்திருந்த முஸ்லிம் வணிகன். சிறப்பாகத் தென்னிந்தியக் கரையோரத்திலிருந்து வந்து, தமிழ் பேசி, கடனுக்கு அரிசியும் உப்பும் கொடுத்தவன்.

1915

1914இல் உலகப்போர் மூண்டது. கப்பல்கள் குறைந்தன, இறக்குமதிப் பண்டங்களின் விலை ஏறிற்று. அரிசிக்குப் பர்மாவையும் இந்தியாவையும் நம்பியிருந்த நாடு இது. விலை ஏற்றத்தைக் கிராமத்தவன் முதலிற் சந்தித்தது சந்திக் கடையில். ஆகவே கொள்ளை இலாபக்காரன் அந்தக் கடைக்காரனே என்று முடிவு கட்டுவது எளிதாயிற்று.

சில கடைக்காரர் பதுக்கியும் விற்றிருப்பர்; அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடைக்காரனுக்குச் சரக்கு கொடுத்தவன் யார்? கொழும்பு மொத்த வணிகன். அவனுக்குக் கடன் கொடுத்தவன் யார்? பெரும்பாலும் செட்டியார். செட்டியாருக்குப் பணம் கொடுத்தவை யாவை? ஆங்கில வங்கிகள். கப்பலும் காப்புறுதியும் தோட்டமும் யாருடையன? இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே மக்களின் கண்ணுக்குத் தெரிந்தது.

கம்பளையிற் பள்ளிவாசல் முன்னால் பெரஹரா செல்லும் உரிமை பற்றிய ஒரு வழக்கு அவ்வேளை கொதித்துக்கொண்டிருந்தது. 1915 மே மாத இறுதியில், வெசாக் நாளில், கண்டி நகரிற் கலகம் மூண்டது. சில நாட்களில் மேல்நாட்டிலும் கீழ்நாட்டிலும் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகள் கொள்ளையிடப்பட்டன, வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. அரசாங்கம் இராணுவச் சட்டம் பிறப்பித்து, விசாரணையின்றியும் மனிதரைச் சுட்டுக் கொன்றது. மதுவிலக்குத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். கடைகள் எரிந்தபின் அரிசி மலிந்ததா? இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. 1915இல் அம்பை முறித்தார்கள்; வில்லேந்தியவன் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்திருந்தான்.

இலாபவெறி பற்றிய சந்தேகம் மக்களுக்கு எழுவது இயல்பு. எழ வேண்டியதும்கூட. ஆனால் அந்தச் சந்தேகம் கணக்கைத் தேடிப் போகாமல் இனத்தைத் தேடிப் போகுமானால், கொள்ளையடித்தவனே அதனால் தப்பித்துக்கொள்கிறான். 1915இன் பாடம் இது. இந்தப் பாடத்தை நாம் படித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில், அதே கண்டி மாவட்டத்தில், திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகள் மீண்டும் எரிந்தன. நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. நூற்றுமூன்று ஆண்டு இடைவெளி நமக்குப் போதுமானதாயிருக்கவில்லை.

ஏல மண்டபம் மாறியது, முறை மாறவில்லை

சுதந்திர இலங்கையில் வடிசாலைத் தொழில் அரசின் கைக்கு வந்தது. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1992இல் அது தனியார் கைக்கு மாறிற்று. பியரின் கதை சற்று வேறு. 1881இல் நுவரெலியாவில் வெள்ளையரின் தேவைக்காகத் தொடங்கிய வடிப்பாலை, பிற்காலத்தில் நாடெங்கும் விற்கும் பெருந்தொழிலாயிற்று. அதன் மூலப்பொருள்களான முளைப்பார்லியும் ஹொப்புப் பூவும் கடல் கடந்தே வர வேண்டும். ஆகவே நாணயம் சரியும்போதெல்லாம் அங்கே மூலப்பொருளின் விலை ஏறுவது கண்கூடு. மதுவரியும் அடிக்கடி ஏறுகிறது. பழைய திறைசேரியின் பழக்கம் இன்றைய திறைசேரிக்கும் உண்டு.

அனுமதிபெற்ற மது எட்டாத விலைக்குப் போகும்போது ஏழை குடிப்பது கசிப்பு. கசிப்பின் மூலப்பொருள் சீனி. சீனி என்றதும் நம் நாட்டில் நினைவுக்கு வர வேண்டிய ஒரு நாள் உண்டு. 2020 ஒக்டோபர் 13ஆம் தேதி, இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. விலை குறையும் என்றார்கள். கடையில் சொல்லத்தக்க அளவுக்கு அது குறையவில்லை. திறைசேரி இழந்த வருமானம் ஏறத்தாழ 1,600 கோடி ரூபா என்று பாராளுமன்றக் குழுவின் முன் கணக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், சீனியும் அரிசியும் பதுக்கப்படுகின்றன என்று கூறி அரசாங்கம் அவசரகால விதிகளைப் பிறப்பித்து, களஞ்சியங்களைச் சோதனையிட இராணுவ அதிகாரி ஒருவரை ஆணையாளராக நியமித்தது.

வரி இறங்கினால் பலன் நடுவே தங்குகிறது. வரி ஏறினால் சுமை அடியில் இறங்குகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்டிச் சாராயக் குத்தகையிற் கண்ட அதே இலக்கணம். 2021இல் நெடிய போராட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஆயிரம் ரூபாவைப் பெற ஆண்டுகள் சென்றன; அதன் பாதியைக் கரைக்க ஓராண்டும் சில மாதங்களும் போதுமாயின. 33 சதம் வாங்கிய பாட்டனுக்கும் ஆயிரம் ரூபா வாங்கிய பேரனுக்கும் இடையே இலக்கம் மாறியது. கூலி கைக்கு வருமுன்பே அதற்கொரு வழி வெட்டி வைத்திருக்கும் ஏற்பாடு மாறவில்லை.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியர்களும் மாணவர்களும் பெருகிய நாடு இது. பண்டமொன்றின் விலை ஏறும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் கடினமானவையல்ல. உண்டாக்கியவனுக்கு எவ்வளவு? சுமந்தவனுக்கு எவ்வளவு? அரசுக்கு எவ்வளவு? நடுவே நின்றவனுக்கு எவ்வளவு? அவன் அங்கே நிற்பதற்கு அனுமதி கொடுத்தது யார், எந்தக் கடதாசியினால்? இந்த ஐந்துக்கும் விடை கிடைத்தால், கடைக்காரனின் தொப்பியையும் நெற்றியையும் பார்த்து நியாயம் பேச வேண்டிய தேவை எழாது. விடை மறுக்கப்படுமானால், மறுப்பவன் யார் என்பதே பாதி விடையாகும்.

பிலிமத்தலாவையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள இலங்காதிலக விகாரையின் பாறையில், 1344ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று சிங்களத்தில், மற்றொன்று தமிழில். கோயிலுக்கு என்ன நிலம் கொடுக்கப்பட்டது, என்ன வருமானம் விடப்பட்டது என்பதை இரு மொழியினரும் படிக்கும்படி அவற்றிற் பொறித்திருக்கிறார்கள். அரசர் காலத்தில் கோயிற் கணக்கை வெட்டவெளியிற் பாறையில் வெட்டி வைக்க முடிந்தது. மக்களாட்சிக் காலத்தில் அரிசிக்கும் சீனிக்கும் கணக்குக் கேட்பது பெருங்குற்றமாகாது. அந்தக் கணக்கையும் இரு மொழியிலும், இரு மொழி மக்களும் சேர்ந்து நின்றே கேட்க வேண்டும். தனித்தனியே கேட்டபோதெல்லாம் நமக்குக் கிடைத்தது கணக்கன்று, கலகமே.